மேட்டுத் தெருவுக்குப் போன அழைப்பு

குடிநீர் வாரியத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆபத்து அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், எப்படியோ சுற்றி முன்பக்கம் வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் வேலையே அதுதானே! குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று ஊரே நம்பிக்கொண்டு தூங்கும்போது, வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

ஆற்றங்கரைப் பம்பு நின்றுவிட்டால்? பெரிய குழாய் வெடித்துவிட்டால்? சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கசிந்தால்? ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு திட்டம் உண்டு. திட்டம் கைவிட்டால் செய்வதற்கு இன்னொரு திட்டமும் உண்டு. அதோடு நிறுத்திக்கொண்டாளா என்றால் இல்லை. உணவறையில் ஒரு பெண் ஆசையாக, "அடுத்த வாரம் நான் லீவு" என்று சொன்னால், "உனக்குப் பதிலா யாரு? அவங்களுக்கும் உடம்பு முடியலன்னா?" என்று கேட்டுவிடுவாள். இப்படிக் கேட்டால் அப்புறம் யார் பக்கத்தில் வந்து உட்காருவார்கள், சொல்லுங்கள். மதியம் தனியாகத்தான் சாப்பிடுவாள். எதிர் நாற்காலியில் தன் பையை வைத்துக்கொள்வாள். நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் படாது பாருங்கள்.

வீடும் அப்படித்தான். இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு குறுகிய பால்கனி. கட்டிலுக்கு அடியில் கால் நுழையாதபடி தண்ணீர்க் கேன்கள். வாரம் தவறாமல் அந்தத் தண்ணீரை எடுத்துத் துணி துவைத்துவிட்டுப் புதிதாகப் பிடித்து வைப்பாள். ஒருநாள் கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணியா?" என்று வாயைப் பிளந்தாள். "திடீர்னு யாராவது வந்தா?" என்றாள் ஆபத்து அக்கா. யாரும் வந்ததில்லை. கீழ்வீட்டுக்காரிக்கும் அது தெரியும். பாவம், அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

வரவேண்டிய ஒருத்தி இருந்தாள். கூடப்பிறந்த தங்கை. இதே ஊரில், மேட்டுத் தெருவின் மூலையில், அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தாள். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சின்னவள் செய்துகொண்டு, அது ஒத்துவராமல், அப்பாவோடு வந்து இருந்துவிட்டாள். இந்த இருவருக்கும் பேச்சு நின்று பல வருடமாயிற்று. எதனால் என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். சின்னவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்போது இந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, பிண ஊர்திக்காரனுக்கு போன் போட்டு, "இந்த வாரம் வண்டி காலியா இருக்குமா? மாடியிலேர்ந்து இறக்க ஆள் உங்ககிட்டயே இருக்காங்களா, நாங்க பாக்கணுமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்!

சின்னவள் காதில் அது விழுந்துவிட்டது. அதற்குமேல் வேடிக்கை என்னவென்றால், அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தார், நடந்தார், செய்தித்தாள் படித்தார், ஒரு வருடத்துக்கு மேல் ஜம்மென்று இருந்தார். அக்கா பார்க்கப் போனபோது சின்னவள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: "நீ இனிமே வராத. உன் முகத்தைப் பாத்தா எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வருது." பிறகு அப்பா ஒரு காலையில் தூக்கத்திலேயே போனபோது, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அக்காவுக்குச் சொன்னாள். இவளும் போனாள், கூட்டத்தின் கடைசியில் நின்றாள், திரும்பி வந்தாள். அதோடு பேச்சு மூச்சு இல்லை.

இப்போது ஒத்திகைக்கு வருவோம்.

வாரியம் வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டதாகப் பாவித்து, எல்லாரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்து பார்க்கிற நாள். இந்த முறை ஆபத்து அக்கா எடுத்துக்கொண்டது ஆற்றங்கரைப் பம்பு நிற்கிற கதையை. பம்பு நின்றால் கீழ்ப்பகுதிக்குப் பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருக்கும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேட்டுப் பகுதிக்கு அப்படி இல்லை. அங்கே இருப்பது சின்னத் தொட்டி, பம்பு ஏற்றினால்தான் நிறையும். முதலில் காய்ந்துபோவது மேட்டுத் தெருதான். அங்கே நடக்க முடியாதவர்கள், தூக்க முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லாருக்கும் வாரியத்திலிருந்து போன் செய்து, நிலைமை கேட்டு, லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டும். அதுதான் திட்டம்.

அந்தப் பகுதிக்கு நடந்து நடந்து ஆட்களைப் பதிவு செய்துகொண்டு வந்தவள் சுகாதார நர்ஸ். கெட்டிக்காரி, ஆனால் வாய் சும்மா இராது.

"அக்கா, மூலை வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. முட்டில ஆபரேஷன், தனியா கஷ்டப்படறாங்க. சுவத்துல பாத்தா உங்க போட்டோ, அப்பவே இதே முகம்! ரெண்டு பேரும் சின்ன வயசுல கைகோத்துட்டு நிக்கறீங்க. உங்க தங்கச்சியா? நீங்க போய்ப் பாக்கலையா?"

"பாக்கணும்" என்றாள் ஆபத்து அக்கா. நர்ஸ் போனதும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல வெகுநேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். ஆபரேஷன் செய்திருக்கிறாள். யார் கையெழுத்துப் போட்டார்கள்? யார் கூட இருந்தார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சரி, அந்தப் போட்டோவை ஏன் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறாள்?

அன்றைக்குத்தான் போனில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத உட்கார்ந்தாள். உங்களோடு வீட்டில் யாராவது இருக்கிறார்களா? தண்ணீர் தூக்க முடியுமா? இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? கடைசியாக இன்னொன்று: உங்களை வந்து பார்த்துக்கொள்ள உறவு யாராவது உண்டா?

மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "கடைசிக் கேள்வி எதுக்கு?"

"லாரி போய்ச் சேர நேரமானா சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லலாம் சார்."

"நல்ல யோசனைதான்" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? ஆனால் அவளுக்கு வேண்டியது ஊரார் பதில் இல்லை, ஒருத்தியின் பதில். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று சின்னவள் சொல்வாளா, மாட்டாளா. இவ்வளவு பெரிய ஒத்திகையில், இத்தனை லாரி, இத்தனை ஆட்களுக்கு நடுவில், அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தை. நேராகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்கத் தைரியம் கிடையாது. ஊரையே காப்பாற்றத் திட்டம் போடுகிறவளுக்குத் தங்கை வீட்டுப் படி ஏற ஒரு வழி தெரியவில்லை, என்ன செய்ய?

ஒத்திகைக்கு ஒரு கட்டாய விதி உண்டு. அன்றைக்குப் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் "இது ஒத்திகை" என்று தொடங்க வேண்டும், "இது ஒத்திகை" என்று முடிய வேண்டும். போனிலானாலும் சரி, ஒலிபெருக்கியிலானாலும் சரி. ஒருமுறை சொன்னால் போதாதா என்று போன் மேசைப் பெண்கள் சலித்துக்கொண்டார்கள். ஆபத்து அக்கா விரலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்: "முதல்ல சொல்றதைப் பாதிப் பேர் கேக்க மாட்டாங்க. குக்கர் கத்தும், குழந்தை அழும். முடிவுல சொல்றதுதான் மனசுல நிக்கும். அதை விட்டீங்க, ஊரு ரெண்டாயிடும். பாத்துக்கோங்க!"

பிறகு, யாரோடும் கலக்காமல், "மேட்டுத் தெருவை நான் பேசறேன்" என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி எதற்குப் போன் மேசையில் உட்கார வேண்டும்? ஆனால் ஆபத்து அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்து கேள்வி திரும்பி வரும் என்பதால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒத்திகை காலையில் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் ஆள் ஆளுக்குக் காதில் போனை வைத்துக்கொண்டு கத்தினார்கள். பம்பு உண்மையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நின்றுவிட்டதாகப் பேச்சு. லாரிக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சும்மா நின்றார்கள். ஆபத்து அக்கா மேட்டுத் தெருவில் பதிவான ஒவ்வொரு வீடாகப் பேசிக்கொண்டே வந்தாள். பிசகே இல்லை. ஒரு தாத்தா "ஒத்திகைன்னா நாடகமாம்மா?" என்று கேட்டார். பொறுமையாக விளக்கினாள். மூலை வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியும் வந்துவிட்டது.

மணி வெகுநேரம் அடித்தது. எடுக்கமாட்டாள், வெளியே போயிருப்பாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தபோது எடுத்துவிட்டாள். பின்னால் குழாய் சோவென்று கொட்டியது. பாத்திரம் உருண்டது.

"இது ஒத்திகை. குடிநீர் வாரியத்துலேர்ந்து பேசறோம்…"

"யாரு? ஒண்ணும் கேக்கல. இருங்க, குழாயை மூடிட்டு வரேன்."

தடியின் டொக் டொக் சத்தம் தூரப் போனது. குழாய் நின்றது. டொக் டொக் திரும்பி வந்தது. அந்த நடையைக் கேட்டு அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் கால்களா இப்படி நடக்கின்றன! சின்ன வயதில் யாராலும் ஓடிப்பிடிக்க முடியாத கால்கள்.

"ம், சொல்லுங்க."

முதலிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். விதி அப்படித்தான். அவளே எழுதிய விதி. ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்ததும் விதியாவது ஒன்றாவது! விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "ஆத்தங்கரைப் பம்பு நின்னுடுச்சு. மேட்டுப் பகுதித் தொட்டியில தண்ணி குறைஞ்சிட்டிருக்கு. உங்ககிட்ட சில கேள்வி கேக்கணும்."

அந்தப் பக்கம் தடியைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்காமல் இருப்பாளா? ஒரே போர்வையில் படுத்து வளர்ந்தவர்கள்.

"கேளுங்க" என்றாள் சின்னவள். கேளுங்களாம். மரியாதையில் கொன்றாள்.

"வீட்ல உங்களோட யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"தண்ணி தூக்கிட்டு வர முடியுமா?"

"முட்டில ஆபரேஷன் ஆயிருக்கு."

"வலி… வலி இருக்கா?"

"அது உங்க கேள்வில இருக்கா?"

"இல்ல."

"அப்ப அடுத்ததைக் கேளுங்க."

அடுத்ததையும் கேட்டாள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதாம், ஒரு ஜாடி. கடைசிக் கேள்வி வந்தது. சுற்றிலும் இத்தனை சத்தத்தில் தன் குரல் மட்டும் மெலிந்துபோய்க் கேட்டது.

"உங்களை வந்து பாத்துக்க… உறவு யாராவது இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்ல."

யோசிக்கக்கூட இல்லை. கேட்டு முடிப்பதற்குள் வந்து விழுந்தது பதில்.

"நன்றி" என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்தவள் எழுந்து கழிவறைக்குப் போனாள். முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அவளுக்கு அது எப்போதுமே வரவேண்டிய நேரத்துக்கு வராது. கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து, சரி, தெரிஞ்சுக்கத்தானே கேட்ட, தெரிஞ்சுடுச்சு, போ என்றாள். இத்தனை வருடமும் ஏதோ ஒரு மூலையில் அவள் என் தங்கை, நான் அவள் அக்கா என்று ஒரு எண்ணம் இருந்தது. பேசாவிட்டாலும் இருந்தது. இனி அதுவும் இல்லை. நாற்காலிக்குத் திரும்பி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டுப்பாட்டு அறைக்காரன் அரக்கப் பரக்க ஓடி வந்தான்.

"அக்கா, மேட்டுத் தொட்டி இறங்குதுக்கா!"

"இறங்கணும்னுதானே ஒத்திகைல எழுதியிருக்கு?"

"எழுதினது இல்லக்கா, நெசமாவே இறங்குது! பம்பு நல்லா ஓடுது. ஏத்தறதை விட வேகமாப் போகுது. அந்தத் தெருவுல அத்தனை வீட்டுலயும் குழாயைத் திறந்து விட்டிருக்காங்கபோல!"

ஒருவேளை எங்காவது குழாய் உடைந்திருக்குமோ என்று அறைக்காரன் வரைபடத்தை விரித்தான். வரைபடம் எதற்கு? தன் குரலே அவள் காதில் திரும்பக் கேட்டது. உறவு யாராவது இருக்காங்களா. யாரும் இல்ல. நன்றி. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. முதல் வார்த்தை குழாய்ச் சத்தத்தில் போயிற்று. கடைசி வார்த்தையை இவள் சொல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் எடுத்தவள்!

மேலாளர் வந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்தார். "தொட்டி அடியோட காலியானா குழாய்க்குள்ள காத்து ஏறிடும். நாளைக்கும் அந்தப் பக்கம் தண்ணி போகாது. அடியில கிடக்கற வண்டல் வேற வீட்டுக்கு வீடு வரும். யாரு பேசினது அந்தத் தெருவுக்கு?"

"நான்தான் சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. போன் மேசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான் என்று வேறு தோன்றியது அவளுக்கு. மேலாளர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி விடுங்க. போனை எடுத்தவங்க சரியாக் காதுல வாங்கலன்னு அறிக்கைல போட்டுக்கலாம். வயசானவங்கதானே."

"அவங்களுக்கு அவ்வளவு வயசு ஆகல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, ஒலிபெருக்கி வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவரைத் தேடிப் போனாள்.

மேட்டுத் தெருவுக்கு வண்டி ஏறும்போதே தெரிந்தது கூத்து. வாசலுக்கு வாசல் வாளி. தோட்டக் குழாயை மாடிக்கு இழுத்து யாரோ தொட்டியை நிரப்பினார்கள். ஒருவன் மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு பெண்மணி ரப்பர் படகு ஒன்றை ஊதி, முற்றத்தில் போட்டு, அதற்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் தன் திட்டத்தில் சேர்த்திருக்கலாமே என்று ஒரு கணம் ஆபத்து அக்காவுக்குத் தோன்றத்தான் செய்தது. பழக்கதோஷம், விடுமா?

டிரைவர் ரப்பர் படகுக்காரியிடம் கேட்டான்: "யாரும்மா சொன்னது தண்ணி நிக்குதுன்னு?"

"மூலை வீட்டு அக்காதான். பாவம், அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினாங்க. எனக்கே நம்பிக்கை இல்ல. எதிர்வீட்டுத் தாத்தா ஏதோ நாடகம்ங்கறாரு, சும்மா இருங்கன்னேன். அதுக்கு அவங்க, 'எனக்கு போன் பண்ணினவ சும்மா சொல்ற ஆளு இல்ல. அவ ஆபத்து வரும்னா வரும். குழாயைத் திற'ன்னாங்க. அதுக்கு அப்புறம் நம்பாம இருக்க முடியுமா?"

ஆபத்து அக்கா வண்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிரைவர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "இது ஒத்திகை. தண்ணி நிக்கல. பம்பு ஓடிட்டுதான் இருக்கு. தயவுசெஞ்சு எல்லாரும் குழாயை மூடுங்க. காலைல மூலை வீட்டுக்கு போன் பண்ணினது நான். ஒத்திகைன்னு சொல்லி முடிச்சிருக்கணும், நான் சொல்லல. தப்பு முழுக்க என்னோடது. அவங்க கேட்டது சரி, உங்ககிட்ட சொன்னதும் சரி. பிடிச்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க, துவைங்க, குளிங்க. மன்னிச்சுக்கோங்க. இது ஒத்திகை."

தெருவைத் திருப்பித் திருப்பி வந்து இதையே சொன்னாள். சிலர் திட்டினார்கள். "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" சிலர் சிரித்தார்கள். "இன்னும் ஒரு மாசத்துக்கு எங்களுக்குக் கவலை இல்ல!" ஒருவன் மூலை வீட்டைப் பார்த்து, "நல்லா ஓட விட்டீங்கக்கா எங்களை!" என்று கத்தினான். அவனிடம் வண்டியை நிறுத்தி, "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைச் சொல்லுங்க" என்றாள். அவன் அசடு வழிந்துகொண்டு உள்ளே போனான். குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. அறைக்காரன் போனில், "நின்னுடுச்சுக்கா, தொட்டி தப்பிச்சுது" என்றான்.

மூலை வீட்டு வாசலில் சின்னவள் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. இவ்வளவு நரைக்கும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, கேட் வரைக்கும் போய், அதற்குமேல் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"உள்ள வா" என்றாள் சின்னவள். "முட்டி வலிக்குது. நின்னுட்டெல்லாம் பேச முடியாது."

உள்ளே காலெடுத்து வைக்க இடமில்லை. வாளி, பானை, குக்கர், பிளாஸ்க், அப்பாவின் சவரக் கிண்ணம் எல்லாவற்றிலும் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் இவளுக்குத்தான் பிடித்துக் கொடுத்தார்களாம். சின்னவள் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அக்கா வாளிகளுக்கு நடுவில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் நல்லா மன்னிப்புக் கேக்கற."

"தப்புப் பண்ணினேன், கேட்டேன்." காலடி வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, "யாரும் இல்லன்னு சொன்னியே" என்றாள் அக்கா. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நீ அக்காவாவா கேட்ட? வாரியமாக் கேட்ட. வாரியத்துக்கு என்ன உண்டோ அதைச் சொன்னேன்."

அக்கா பேசாமலாவது இருந்தாளா? அதுவும் இல்லை. "அந்த வண்டிக்காரனுக்கு அன்னிக்குப் பேசினது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல" என்றாள். பாருங்கள் வாயை! தங்கை உள்ளே கூப்பிட்டிருக்கிறாள், இதைச் சொல்கிற நேரமா இது?

ஆனால் சின்னவள் கோபப்படவில்லை. "தப்புன்னு நானும் சொல்லலையே. யாராவது பேசித்தானே ஆகணும்."

"பின்ன?"

"நான் அந்த பெஞ்சுல தனியா அழுதுட்டிருந்தேன். நீ முதுகைக் காட்டிட்டு நின்ன."

"ரெண்டு பேரும் அழுதா யாரு போன் பண்றது?"

"யாரும் பண்ணாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள் சின்னவள். "ஒரு பத்து நிமிஷம்."

அக்கா வாயைத் திறந்தாள். எதற்கும் ஒரு பதில், பதிலுக்கு ஒரு மாற்றுப் பதில் வைத்திருக்கிறவள். ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம். அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். அந்த வண்டிக்காரன் பத்து நிமிடம் கழித்தும் போனை எடுத்திருப்பானே! அப்பா கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த அந்த ஒரு வருடமும், அவர் போனதற்குப் பின்னால் இத்தனை வருடமும், இந்தப் பத்து நிமிடத்துக்காகவா போயிற்று! முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய் கோணியது. வாளிகளுக்கு நடுவில், கையில் வாரியத்தின் போனோடு, ஐம்பது தாண்டிய அதிகாரி ஓவென்று குழந்தையைப்போல அழுதாள். அப்பாவுக்காகவா, தனக்காகவா, அந்தப் பெஞ்சுக்காகவா என்று பிரிக்க முடியாத அழுகை. டிரைவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நல்லவேளையாக வண்டிக்குப் போய்விட்டான்.

சின்னவள் சமாதானம் சொல்லவில்லை. தடியை ஊன்றி எழுந்து, பாத்திரங்களைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்து, அக்காவின் தோளில் கையை வைத்தாள். அவள் கண்களும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. அப்படியே நின்றார்கள்.

போன் அடித்தது. அக்கா பதறிப்போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைக் காதுக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். சின்னவள் அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"ஹலோ, தொட்டி நிலவரம் அறிக்கைல எழுதணும்…" என்றது மேலாளரின் குரல்.

"அவ இப்ப பேச முடியாது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுங்க."

"நீங்க யாருங்க?"

"அவ தங்கச்சி."

மேலாளர் தடுமாறினார். "அவங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

"இருக்கேன்" என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டு, அந்தப் போனை எங்கே அமுக்கி நிறுத்துவது என்று தெரியாமல், அதை அப்படியே ஒரு பானையின் மூடிமேல் வைத்தாள்.